விசா ஓகே... பாஸ்போர்ட் எப்போ வரும்?

கொல்லிமலைக்குக் கூரியர் வர வேண்டுமென்றால் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். செம்மேட்டில் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு அமெரிக்க விசா கிடைத்துவிட்டால், அடுத்த நிமிடத்திலிருந்து அந்தக் கூரியருக்குத்தான் காத்திருப்பு!

இன்டர்வியூவில் அதிகாரி 'ஓகே' சொன்னதும் டிக்கெட் போட்டுவிடுகிறோம். தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதற்குப் பிறகுதான் ஸ்டிக்கர் அச்சாக வேண்டும், பாஸ்போர்ட்டில் ஏற வேண்டும். ஆன்லைனில் 'இஷ்யூட்' என்று காட்டினாலும், 10 வேலை நாள் தாண்டியும் வராவிட்டால்தான் கேட்கச் சொல்கிறார்கள். 'வேலை நாள்' என்பதைக் கவனியுங்கள். தூதரகத்துக்கு நம்ம ஊர் விடுமுறையும் உண்டு, அவங்க ஊர் விடுமுறையும் உண்டு. 10 நாள் என்பது சுலபமாக இரண்டு வாரத்தைத் தாண்டிவிடும். காலேஜ் திறக்கும் தேதி அதற்காகக் காத்திருக்காது. பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகே டிக்கெட்டை உறுதி செய்யச் சொல்லித் தூதரகமும் அறிவுறுத்துகிறது.

மலையில் சிக்னல் போனால் டெலிவரி அழைப்பும் போச்சு. விண்ணப்பிக்கும்போதே மையத்தில் நேரில் வாங்குவதைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரிஜினல் அடையாள அட்டை அவசியம். அப்பாவோ மாமாவோ போனால் அங்கீகாரக் கடிதமும் வேண்டும்.

வாங்கியதும் அங்கேயே பிரித்துப் பெயரைப் பாருங்கள். நம்மில் பலருக்கு இனிஷியல்தானே, குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' என்று இருக்கும். பதற வேண்டாம், முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. ஆனால் எழுத்துப் பிழையோ தேதிப் பிழையோ இருந்தால் உடனே சொல்லிவிடுங்கள்.

ஆஸ்திரேலியா 2015-லேயே ஸ்டிக்கரை நிறுத்திவிட்டது. பிரிட்டனும் 2025 ஜூலையிலிருந்து பெரும்பாலான மாணவர்களுக்கு இ-விசாதான் தருகிறது.