மணலில் பயின்ற பாதிரியார்

வயது வந்தபின் புதிய பாஷை கற்பது அரிது என்று மலைப்பவர்கள் தரங்கம்பாடியை நினைக்க வேண்டும். 1706-இல் அங்கே வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, 24 வயதில், பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் தமிழெழுத்துப் பயின்றார். 1715-இல் அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது.

இன்று மயிலாப்பூரிலிருந்தும் தியாகராய நகரிலிருந்தும் ஜெர்மனியில் குடியேறும் நம்மவரை அந்நாட்டு இலக்கணம் மிரட்டுகிறது. அங்கே சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால், சிறுமி என்னும் சொல்லோ ஆணுமன்று, பெண்ணுமன்று! திணையறிந்து பேசும் தமிழருக்கு இது விந்தையே. ஆயினும், கிளை வாக்கியங்களில் வினைச்சொல் கடைசியில் நிற்பது நமக்குப் பழகிய முறைதான்.

உண்மைத் தடை இலக்கணமன்று. பிழையாகப் பேசிவிடுவோமோ என்ற கூச்சமே. பாதிரியார் சிறுவர்களிடையே களைந்த அக்கூச்சத்தை நம்மவரும் களையட்டும். இல்லையேல், ஆண்டு பல வாழ்ந்தும் அந்நாட்டில் விருந்தாளிகளாகவே இருக்க நேரும்.