சேவை நாழிக்கு ஒரு சீமை உறவு

திருவனந்தபுரத்தில் வலியசாலை, கரமனை, கோட்டைப் பகுதிகளில் உள்ள நம் தமிழ்க் குடும்பங்களின் பரண்களில் ஏறிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு பொருள் அகப்படும். முக்காலியைப் போல மூன்று கால்களில் நிற்கும் சேவை நாழிதான் அது. ஒருவர் அதை அழுத்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். வெந்த மாவு சூடு ஆறுவதற்குள் பிழிந்தாக வேண்டும். பிள்ளைகள் பெங்களூருக்கும் துபாய்க்கும் போய்விட்ட வீடுகளில் பிடிக்கவும் ஆளில்லை, சுற்றவும் ஆளில்லை. நாழி பரணுக்குப் போய்விட்டது.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். என் தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. ஏகாதசி, சனிக்கிழமை இரவுகளில் அரிசி சேர்க்க மாட்டார். ரவை உப்புமா, சப்பாத்தி, கோதுமை தோசை என்று மாற்றி மாற்றிச் செய்து அவருக்கும் அலுத்துவிட்டது, எனக்கும் அலுத்துவிட்டது. விடுமுறைக்கு வந்திருந்த என் மகள் ஒருநாள் பாஸ்தா பாக்கெட்டுடன் வந்து நின்றாள்.

"இது என்னடி, ஓட்டை போட்ட சேமியாவா? முட்டை ஏதும் கலந்திருக்குமோ?" என்று அம்மா கேட்டார்.

உறையைப் படித்துப் பார்த்தோம். டியூரம் கோதுமை ரவை மட்டுமே இருந்தது. சைவ உணவுக்கான பச்சைப் புள்ளியும் இருந்தது. முட்டை சேர்த்த வகைகளும் உண்டு என்பதால், வாங்கும்போது இதைப் பார்த்து வாங்குவது நல்லது.

முதல் நாள் சேமியா உப்புமா செய்யும் பழக்கத்தில் தண்ணீரை அளவாக விட்டு, மூடி வைத்து வேகவிட்டேன். களியாகிவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பாதியை ஒதுக்கி வைத்துவிட்டு, பாலைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். அன்றிரவு எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

இது எந்த ஊர்ப் பண்டம்?

மார்க்கோ போலோ சீனாவிலிருந்து இத்தாலிக்குக் கொண்டுபோனதுதான் பாஸ்தா என்று சொல்வார்கள். அது வெறும் கதை. அவர் வெனிஸ் திரும்பியது 1295-இல். அதற்கு நூற்றுநாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1154-இல், சிசிலித் தீவின் திராபியா என்ற ஊரில் மாவு இழைகள் செய்து கப்பலில் ஏற்றுமதி செய்வதை அல் இத்ரீசி என்ற அரபு நிலவியலாளர் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் மார்க்கோ போலோ நமக்கு வேறு வகையில் வேண்டியவர். பக்கத்திலுள்ள கொல்லத்தைப் பற்றியும், பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார்.

சேவைக்கும் பாஸ்தாவுக்கும் உள்ள வேறுபாடு தானியத்தில்தான். அரிசி மாவில் பசைப் புரதம் கிடையாது. பச்சை மாவைப் பிழிந்து கொதிநீரில் போட்டால் கரைந்துவிடும். ஆகவே நாம் மாவை முதலில் வேகவைத்துப் பிறகு பிழிகிறோம். இடியப்பமென்றால் பிழிந்தபின் ஆவியில் வேகவைக்கிறோம். டியூரம் கோதுமையில் அந்தப் பசை நிறைய இருப்பதால், பாஸ்தா கொதிநீரிலேயே உருக்குலையாமல் வேகும். தண்ணீர் தாராளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் செய்த தவறும் அதுவே.

செய்முறை (மூவருக்கு)

தேவையானவை: பாஸ்தா 200 கிராம், பழுத்த நாட்டுத் தக்காளி 6, இஞ்சி சிறு துண்டு, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு 1 தேக்கரண்டி, நல்லெண்ணெய் அல்லது ஆலிவ் எண்ணெய் 3 மேசைக்கரண்டி, கொத்துமல்லித் தழை, உப்பு.

இரண்டு லிட்டர் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு, 3 தேக்கரண்டி உப்புச் சேருங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்பைக் குறைத்துக்கொள்ளலாம். தக்காளியை அதில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் தோல் சுலபமாக உரியும். பிறகு அதே நீரில் பாஸ்தாவைப் போட்டு, முதல் இரண்டு நிமிடம் ஒட்டாமல் கிளறிவிடுங்கள். பாத்திரத்தை மூட வேண்டாம். எண்ணெய் ஊற்றவும் வேண்டாம்.

வேறொரு வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் இஞ்சி, மிளகு, நறுக்கிய தக்காளி, சிறிது உப்புச் சேர்த்துச் சுருள வதக்குங்கள். விரதமில்லாத நாளானால் பூண்டு நான்கு பல் சேர்த்தால் மணம் கூடும். உறையில் குறித்துள்ள நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே பாஸ்தாவை வடித்து, வாணலியில் சேருங்கள். வடித்த கஞ்சியில் ஒரு கப் எடுத்து வைத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் புரட்டினால் தக்காளிச் சாறு இழையோடு ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டால் இந்த ஒட்டுதல் போய்விடும். பல் இல்லாத பெரியவர்களுக்கு இரண்டு நிமிடம் கூடுதலாக வேகவிடலாம்.

மேலே தூவச் சீஸ் வேண்டாமா என்று மகள் கேட்டாள். பார்மசான் என்ற இத்தாலியச் சீஸ் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் செய்யப்படுவது. சைவர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தென் இத்தாலியில் சீஸ் வாங்க வசதியில்லாத ஏழைகள் வறுத்த ரொட்டித் தூளைத்தான் தூவினார்கள். இதைக் கேட்ட அம்மா, "வறுத்த வேர்க்கடலையைப் பொடித்துப் போடு. சேவைக்கு நான் போடுவேனே" என்றார். போட்டோம். அந்த ஏகாதசியன்று அம்மா தட்டை ஒதுக்கவில்லை. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் மகள் பரணில் ஏறி நாழியை இறக்கினாள். புளியிட்டுத் துலக்கியதும் பித்தளை பளிச்சென்றது. நான் பிடித்துக்கொள்ள, அவள் சுற்றினாள். நாற்காலியில் உட்கார்ந்தபடி, "ஆறவிடாதே, சீக்கிரம் சுற்று" என்று அம்மா அதட்டிக்கொண்டிருந்தார். சேவை இழை அங்கங்கே அறுந்துதான் விழுந்தது. ஆனாலும் அன்று எலுமிச்சைச் சேவை மிச்சமில்லை.

சங்க அன்பர்களே, உங்கள் பரணிலும் நாழி இருந்தால், பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது இறக்கி வையுங்கள். அவர்கள் கொண்டுவரும் பாஸ்தாவையும் மறுக்காமல் அடுப்பில் ஏற்றுங்கள்.