எதுக்களிப்பு

உண்ட உணவு மேலெழுந்து தொண்டையை நனைப்பதை நம் முன்னோர் எதுக்களித்தல் என்றனர். எதிர்க்களித்தல் என்பதன் மரூஉ அது. மாணாக்கர்க்கு இச்சொல்லின் வரலாறு கூறி வந்த யான், அதன் பொருளைப் பன்னீராண்டு உடலால் அறிந்தேன்.

ஆசிரியனுக்குத் தொண்டையே கருவி. காலையில் குரல் கம்மும். செய்யுளொன்றை ஓசையுடன் படிக்கத் தொடங்கினால் இரண்டாம் அடியில் இருமல் தடுக்கும். இரவிலோ நான்கு தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தவாறே உறங்குவேன். எருமைத் தயிரையும் மீன்குழம்பையும் துறந்தேன். முன்னுண்டது செரித்தபின் உண்ணுமாறு வற்புறுத்தும் குறளின் 'மருந்து' அதிகாரத்தை ஆண்டுதோறும் கற்பித்தவன், அதன்படி ஒழுகத் தொடங்கியது ஐம்பதாம் அகவையிலேதான்!

ஒமெப்ரசோல் மாத்திரையால் எரிவு தணிந்தது, எதுக்களிப்பு நிற்கவில்லை. மாத்திரை அமிலஞ் சுரப்பதைக் குறைக்குமேயன்றி, உணவுக்குழாயின் அடியிலுள்ள தளர்ந்த வாயிலை இறுக்காது. படுவான்கரை உழவர்க்கு இது எளிதில் விளங்கும். வாவியின் உப்புநீர் வயலுட் புகாது காக்கும் கதவு பழுதாயின், நீரின் உப்பைக் குறைத்தாற் போதுமோ?

இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயின் அடியைச் சுற்றி வளைத்துத் தைத்து அக்கதவைச் செப்பனிடும் முறையை, 1955இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் றுடோல்ப் நிசன் என்னும் மருத்துவர் கையாண்டார். 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதர் அவர். 1948இல் ஐன்ஸ்டைனுக்குச் சத்திரசிகிச்சை செய்தவரும் அவரே. 1991 முதல் வயிற்றைக் கிழியாது, சிறு துளைகளின் வழியே இதனைச் செய்கின்றனர்.

ஆயினும் துணிவு எளிதில் வரவில்லை. "மாத்திரையோடு காலத்தைக் கழி தம்பி, நல்ல வயிற்றில் கத்தி வைப்பதா?" என்றார் தமக்கையார். அவர் கூற்றிலும் நியாயம் உண்டு. ஐரோப்பாவில் 554 நோயாளரை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவின்படி, ஐந்தாண்டின் பின் நோயடங்கியிருந்தோர் மருந்துண்டோருள் நூற்றுக்கு 92 பேர்; சத்திரசிகிச்சை பெற்றோருள் 85 பேர். எதுக்களிப்பு மட்டும் முன்னவருள் 13 பேர்க்கு இருக்க, பின்னவருள் 2 பேர்க்கே இருந்தது. விழுங்குதற் சிரமமோ 5க்கு 11 ஆயிற்று. எரிவே என் நோயாயின் தமக்கையார் சொல்லைக் கேட்டிருப்பேன். என் நோய் கதவின் நோய்.

2023 தைமாதம் நகரத்து வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நடந்தது. மூன்றாம் நாள் மண்முனைப் பாலத்தால் வீடு திரும்பினேன். 2014இல் அப்பாலம் திறக்குமுன் படகையே நம்பியிருந்தோம். அந்த ஆட்டத்தை என் வயிறு தாங்கியிராது.

முதற்கிழமை கஞ்சித்தண்ணீர், பின்னர்க் குழைந்த சோறு. அவசரப்பட்டு ஒருநாள் பாண்துண்டொன்றை விழுங்க, அது நெஞ்சின் நடுவே நின்று அரைமணி நேரம் அச்சுறுத்தியது. பாரம் தூக்குதல் ஆறு கிழமை விலக்கு. விருந்துண்டபின் ஏப்பம் விடும் இன்பம் இன்றுவரை மீளவில்லை. வயிறு பறைபோல் உப்பிக் கிடக்கும். இவ்விழப்பை முன்பே எடுத்துரைத்த நிபுணரை நன்றியோடு நினைக்கிறேன்.

நான்காம் மாதம் வகுப்பில் பாட்டொன்றை இருமலின்றி முழுமையாகப் படித்தேன். இப்பொழுது ஒரே தலையணையில் உறங்குகிறேன். மிகுந்த மூன்றையும் வெயிலில் உலர்த்திப் பெட்டகத்தில் வைத்திருக்கிறாள் என் மனைவி. பிறருக்குக் கொடுத்துவிட அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை.