பின் பிரேக்கைப் பெரிதாக்கலாமா?

1985-இல் வெளிவந்த புரோட்டோன் சாகா, 2005-இல் வெளிவந்த பெரொடுவா மைவி ஆகியவற்றைப் போல, முன்னே டிஸ்க்கும் பின்னே டிரம்மும் கொண்ட கார்களை ஓட்டும் பினாங்கின் தாசேக் கெலுகோர் அன்பர் எவரேனும், பின்சக்கரங்களுக்கும் பெரிய டிஸ்க் பூட்டினால் க்ஷேமம் பெருகும் என்று எண்ணுவாராயின், அவ்வெண்ணம் அபாயகரமானது.

ஏன்? 600 கிலோவை முன்னும் 400 கிலோவைப் பின்னும் தாங்கி நிற்கும் ஒரு கார், 2.5 மீட்டர் அச்சு இடைவெளியும் அரை மீட்டர் உயரத்தில் எடைமையமும் உடையதாயின், புவியீர்ப்பின் 0.8 மடங்கு வேகத்தணிவில் 160 கிலோ பாரம் முன்னே பெயர, பின்னே 240 கிலோவே எஞ்சும். பிடிமானம் பாரத்தைப் பொறுத்ததாகையால், அங்கே மிகுந்த பலத்தைப் பிரயோகித்தால் பின்சக்கரங்கள் முதலில் சுழற்சி நின்று சறுக்கி, பக்கவாட்டுப் பிடிப்பையும் இழக்க, வண்டியே சுழன்றுவிடும். முன்சக்கரங்கள் முதலில் சறுக்கினால் ஸ்டியரிங் பயன்படாது. எனினும் வண்டி பெரும்பாலும் நேராகச் செல்லுமாதலால், இரு தீமைகளுள் இதனையே பொறியியலார் ஏற்கின்றனர்.

முன் பிரேக்கை மட்டும் அளவுகடந்து பெருக்குவதும் தகாது. மழையில் 0.4 மடங்கே தணிவு கிட்டுங்கால் 80 கிலோவே பெயர்கிறது. 320 கிலோ தாங்கும் பின்சக்கரங்கள் தம் பங்கைச் செய்யாதிருக்க, முன்சக்கரங்கள் முந்திச் சறுக்கி, நிற்கும் தூரம் நீள்கிறது. பினாங்கின் பெருமழையில் ஓட்டுவோர்க்கு இது சிறு விஷயமன்று.

அப்படியாயின் பிரேக்கை எப்படி மாற்றுவது? காலிப்பர் பிஸ்டனின் பரப்பு, டிஸ்க்கின் ஆரம், பேடின் உராய்வு ஆகியவற்றின் பெருக்கத்தை முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியே கணக்கிட்டு, கிடைக்கும் விகிதத்தை உற்பத்தியாளர் அமைத்த விகிதத்துக்கு அருகில் வைக்கவேண்டும். பிஸ்டன் பெருத்தால் அதிக எண்ணெய் தேவைப்பட்டுப் பெடல் தாழுமாதலால், மாஸ்டர் சிலிண்டரையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுத்தல் அவசியம்.