நெடுந்தீவுக்குப் போய்வருவோமா?

“எங்களுக்கென்ன மிஸ் சுற்றுலா? புருசன் இல்லாதவள் ஊர் சுத்துறாள் எண்டு சனம் கதைக்கும்.”

எமது சிறுசேமிப்புக் குழுவின் மாதாந்தக் கூட்டத்தில் எழுந்த முதற் குரல் இது. மிஞ்சிய பணத்தில் ஒருநாள் நெடுந்தீவுக்குப் போய்வரலாம் என இளம் அங்கத்தவர் ஒருவர் சொன்னதுதான் காரணம். கணவனை இழந்தவள் கோயிலுக்குப் போகலாம், கச்சேரிக்கு அலையலாம். மகிழ்ச்சிக்காக வெளியே போனால் மட்டும் அது குற்றம். அப்போது வன்னியிலிருந்து வந்த ஓர் அக்கா சொன்னார்: “முள்ளிவாய்க்கால் வரைக்கும் நடந்தனாங்கள். விரும்பிப் போன இடம் எண்டு ஒண்டுமில்லை.” அதன்பிறகு யாரும் ஊர்வாயைப் பற்றிப் பேசவில்லை. பயணத்தைப் பற்றித்தான் பேசினோம்.

அங்கே என்ன இருக்கிறது?

யாழ்ப்பாணத்தின் பெரிய தீவுகளில் ஒன்று நெடுந்தீவு. முருகைக்கல் நிலம், பனைகள், கரையில் வெண்மணல், பரந்த புல்வெளி. கல்லின்மேல் கல்லடுக்கி, சீமெந்து இல்லாமலே எழுப்பிய வேலிகளை அங்கே காணலாம். பிறநாட்டினர் ஆண்ட காலத்தில் கொண்டுவந்து வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை இன்று கட்டுக்காவலின்றி மேய்கின்றன. கடும் வறட்சியில் தண்ணீரின்றி அவை இறந்ததும் உண்டு. தீவின் ஒரு பகுதி 2015ஆம் ஆண்டு தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்கமரமும் பழைய கோட்டையின் இடிபாடுகளும் பார்க்கவேண்டியவை. மரத்தின் அடியிலுள்ள பொந்துக்குள் ஆட்கள் நுழைந்து நிற்கலாம்.

எப்படி ஆயத்தமாவது?

யாழ் நகரிலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் பஸ்ஸில் போகவேண்டும். அங்கிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளிக்கும். படகுச் சேவை தடைப்படும். ஆகவே நாங்கள் பங்குனி மாதத்தைத் தெரிவுசெய்தோம். புறப்பட முன் விசாரிக்கவேண்டியது போகும் நேரத்தை மட்டுமல்ல, கடைசிப் படகு திரும்பும் நேரத்தையும்தான். உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கி அணியுங்கள். வெட்கம் வேண்டாம்.

தீவில் நல்ல தண்ணீர் அரிது. குடிதண்ணீரைக் கொண்டுபோங்கள். தீவு மக்களின் கிணற்றை நம்பிப் போவது நியாயமல்ல. புல்வெளியில் நிழல் இல்லை. குடையும் தொப்பியும் தேவை. இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போகலாம். போத்தல்களையும் பைகளையும் திரும்பக் கொண்டுவாருங்கள். குதிரைகளுக்குக் கிட்டப் போகவோ தீன் கொடுக்கவோ பிள்ளைகளை விடவேண்டாம். தீவுக்குள் சுற்றிப்பார்க்க வாகனத்தை முன்கூட்டியே பேசிவையுங்கள். மலசலகூடம் எங்கே உண்டு என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பெண்கள் பலர் பயணத்தில் தண்ணீர் குடிக்காமல் இருந்து வருத்தம் தேடிக்கொள்வது இதனால்தான்.

ஏறமுடியாத படகு

எல்லாம் முடிவான பிறகும் ஒருவர் மட்டும் பேசாமல் இருந்தார். நெடுந்தீவில் பிறந்தவர். 1985 மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, குழந்தை உட்படப் பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதில் இவரது அண்ணாவும் ஒருவர். அப்போது இவருக்குப் பன்னிரண்டு வயது. குடும்பம் யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டது. அதன்பின் இவர் படகில் ஏறவேயில்லை.

“பயத்தை விடுங்கோ” என்று சொல்ல என் வாய் வந்தது. சொல்லவில்லை. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. பதிலாக ஒரு முடிவெடுத்தோம். அவர் துறைமுகம் வரை வருவார். ஏற முடிந்தால் ஏறுவார். முடியாவிட்டால் நான் அவருடன் கரையில் இருப்பேன், மற்றவர்கள் போய்வருவார்கள். யாரும் வற்புறுத்துவதில்லை, யாரும் கோபிப்பதுமில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது அவர் என்னிடம் கேட்டார்: “மாவலித் துறையடியில அவைக்கு நினைவிடம் இருக்காமே, பூ கொண்டுபோகலாமோ, பிள்ளை?”

கொண்டுபோகலாம் என்றேன். சாமான் பட்டியலில் தண்ணீருக்கும் குடைக்கும் கீழே பூவையும் எழுதிக்கொண்டோம்.

சகோதரிகளே, உங்கள் குழுவும் இப்படி ஒருநாளைத் திட்டமிடலாம். நெடுந்தீவாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. எங்கே போவது என்பதை நீங்களே கூடித் தீர்மானியுங்கள். வரத் தயங்குபவளின் காரணத்தை முதலில் கேளுங்கள்.