கடல் கடந்த பேச்சு: காசு போவது எங்கே?

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு தினமும் பேச வேண்டும். செலவும் குறைய வேண்டும். இந்த இரண்டுக்கும் வழி செய்வது இண்டர்நெட் டெலிபோன்.

ஆனால் எந்தக் கம்பெனியை நம்புவது? "நிமிஷத்துக்கு இவ்வளவுதான்!" என்கிறது ஒரு விளம்பரம். "முழுக்க இலவசம்!" என்கிறது இன்னொன்று. பணத்தைக் கட்டிய பிறகு, வீட்டு நம்பரோடு பேசவே முடியாது என்று தெரிந்தால் என்ன செய்வது?

விலையை அப்புறம் பார்க்கலாம். வீட்டில் தாயின் கையில் இருப்பது என்ன போன்? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அந்தக் காலம்

'டிரங்க் கால்' பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலம் உண்டு. பிறகு ஐ.எஸ்.டி. கடைகள் வந்தன. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேசுவார்கள். மீட்டரில் எண் ஓடும். அதைப் பார்த்தபடியே, சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிட்டு போனை வைப்பார்கள்.

2002-ம் ஆண்டு மார்ச் வரை, இந்தியாவிலிருந்து வெளிநாடுகளுக்கு டெலிபோன் தொடர்பு கொடுக்கும் உரிமை வி.எஸ்.என்.எல். என்ற ஒரே நிறுவனத்திடம் இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி அந்தத் தனி உரிமை முடிந்தது. அதே நாளில் இண்டர்நெட் மூலம் பேசவும் அனுமதி கிடைத்தது. 2003-ல் 'ஸ்கைப்' வந்தது. 2015-ல் வாட்ஸ்அப்பில் பேசும் வசதி வந்தது.

குரல் போகும் விதம்

இண்டர்நெட் டெலிபோனில் குரல் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டப்படுகிறது. கடிதத்தில் விலாசம் எழுதுவதுபோல், ஒவ்வொரு துண்டிலும் விலாசம் இருக்கும். துண்டுகள் இண்டர்நெட் வழியாகப் போய், மறுமுனையில் ஒன்று சேர்ந்து மீண்டும் குரலாகின்றன.

இதற்கு அதிக டேட்டா செலவாவதில்லை. குரலைச் சுருக்கி அனுப்பினால், ஒரு நிமிஷப் பேச்சுக்குப் பெரும்பாலும் ஒரு எம்.பி.கூட ஆகாது. முகம் பார்த்துப் பேசினால் அதைவிடப் பல மடங்கு ஆகும். டேட்டா குறைவாக இருந்தால், படத்தை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் பேசலாம்.

இரண்டு வகை

இந்தச் சேவையில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, ஆப்பிலிருந்து ஆப்புக்குப் பேசுவது. வாட்ஸ்அப் இந்த வகை. பேச்சுக்குத் தனிக் கட்டணம் இல்லை. டேட்டா செலவு மட்டும்தான். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே ஆப் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் இண்டர்நெட் வேண்டும்.

மற்றொன்று, ஆப்பிலிருந்து சாதாரண டெலிபோன் நம்பருக்குப் பேசுவது. இதற்கு நிமிஷக் கணக்கில் காசு உண்டு. ஆனால் தாயின் கையில் பழைய பட்டன் போன் இருந்தாலும் மணி அடிக்கும். வீட்டில் இருந்தபடி எடுத்துப் பேசுகிறவருக்குச் செலவு இல்லை.

வீட்டில் இண்டர்நெட் போன் இல்லையென்றால், இலவச ஆப் ஆயிரம் இருந்தும் பயன் இல்லை!

துபாயில் இருந்தால்?

இருக்கும் தேசத்தின் சட்டத்தையும் பார்க்க வேண்டும். துபாய், அபுதாபி முதலிய ஊர்களைக் கொண்ட ஐக்கிய அரபு நாடுகளில், அரசு அனுமதி பெற்ற ஆப்களில்தான் இண்டர்நெட் பேச்சு பேசலாம். 'போட்டிம்' அப்படிப்பட்ட ஒன்று. மகன் அங்கே அந்த ஆப்பில் பேசினால், தாயின் போனிலும் அதே ஆப்பைப் போட வேண்டும்.

தடையைத் தாண்ட வி.பி.என். போட்டுக்கொள்ளும்படி நண்பர்கள் சொல்லலாம். ஜாக்கிரதை! இண்டர்நெட் விலாசத்தை மறைத்துக் குற்றம் செய்தால், அங்கே 2021-ல் வந்த சட்டப்படி 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம் உண்டு. சிறைத் தண்டனையும் விதிக்கலாம். நாலு காசு மிச்சம் பிடிக்கப் போய், பிழைப்பையே இழக்க வேண்டுமா?

கணக்கைப் பாருங்கள்

காசு கொடுத்துப் பேசுகிறவர்கள், நிமிஷ விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவார்கள். ஒரு கணக்கைப் பார்ப்போம்.

ஒரு கம்பெனி நிமிஷத்துக்கு 5 ரூபாய் கேட்கிறது. பேசிய விநாடிக்கு மட்டும் காசு. இன்னொரு கம்பெனி 4 ரூபாய்தான் கேட்கிறது. ஆனால் லைன் கிடைத்ததுமே 3 ரூபாய் பிடித்துக்கொள்ளும். ஒரு விநாடி கூடினாலும் முழு நிமிஷமாகக் கணக்கிடும்.

இரண்டு நிமிஷம் 10 விநாடி பேசினால், முதல் கம்பெனிக்கு 10 ரூபாய் 83 காசு. இரண்டாவது கம்பெனிக்கு 15 ரூபாய்! விலை குறைவு என்று சொன்ன இடத்தில்தான் செலவு அதிகம்.

ஆனால் அரை மணி நேரம் பேசினால் கணக்கு மாறுகிறது. முதல் கம்பெனிக்கு 150 ரூபாய். இரண்டாவது கம்பெனிக்கு 123 ரூபாய். அடிக்கடி கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசுகிறவருக்கு ஒன்று லாபம்; வாரம் ஒரு நாள் நெடுநேரம் பேசுகிறவருக்கு மற்றொன்று லாபம்.

பணம் கட்டுமுன் இவற்றையும் விசாரிக்க வேண்டும்: செல்போனுக்கும் வீட்டு லைனுக்கும் ஒரே விலையா? வரி தனியா? கட்டிய பணம் எத்தனை நாள் செல்லும்? நாள் கடந்தால் மீதிப் பணம் போய்விடுமா?

ஜாக்கிரதை!

ஒரே தடவையில் பெரிய தொகையைக் கட்ட வேண்டாம். உலகப் புகழ் பெற்ற ஸ்கைப் சேவையே 2025-ம் ஆண்டு மே 5-ந் தேதி மூடப்பட்டது. பேர் பெற்ற கம்பெனியானாலும் சிறு தொகையாகக் கட்டுவதே நல்லது.

"மலிவாகப் பேச வழி செய்கிறோம், போனுக்கு வந்த ரகசிய எண்ணைச் சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டால், சொல்லக் கூடாது. அந்த எண்ணை வைத்து உங்கள் கணக்கையே கைப்பற்றிவிடுவார்கள்.

சாதாரண சிம் கார்டையும் விட்டுவிடக் கூடாது. ஆபத்து நேரத்தில் 108, 112 போன்ற எண்களை இண்டர்நெட் ஆப்பில் கூப்பிட முடியும் என்று நம்பியிருக்கக் கூடாது. நள்ளிரவில் வீட்டில் யாருக்காவது நெஞ்சு வலி வந்தால், அந்தச் சமயம் நெட் கிடைக்காமலும் போகலாம். அதனால் பிள்ளையின் வெளிநாட்டு நம்பரைப் பெரிய எழுத்தில் ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வைக்க வேண்டும். சாதாரண லைனில் வெளிநாட்டுக்குப் பேச முடிகிறதா என்றும் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

பிள்ளை விமானம் ஏறுமுன் வீட்டிலேயே ஆப்பைப் போட்டு, தாய்க்குப் பேசக் கற்றுக்கொடுக்கலாம். போய்ச் சேர்ந்ததும் சிறு தொகை கட்டி, இரண்டு நிமிஷம் பேசிப் பார்க்கலாம். குரல் தெளிவாக இருக்கிறதா? எவ்வளவு காசு குறைந்தது? இரண்டும் சரியாக இருந்தால், அந்தச் சேவையையே வைத்துக்கொள்ளலாம்.