'ஒய்' எழுத்தில் ஓர் இசை உலா

பெங்களூரில் நம்மவர் வீடுகளில் இது சகஜமான காட்சி. கூடத்தில் அப்பா டி.எம்.எஸ். பாட்டை முணுமுணுத்துக் கொண்டிருப்பார். உள்ளே கல்லூரிக்குப் போகும் பிள்ளை ஏதோ ஆங்கிலப் பாட்டுக்குத் தலையாட்டிக் கொண்டிருப்பான். "என்னடா அது, ஒரே இரைச்சல்?" என்று இவர் கேட்பார். "உங்களுக்குப் புரியாதுப்பா" என்று அவன் சொல்வான். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

அப்பாவுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் சிக்கல். பாடகர் பாடகராகக் கேட்கலாம் என்றால் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். காலவரிசைப்படி கேட்டால் பிள்ளைக்குப் பிடித்த பாட்டு வருவதற்குள் ஓய்வூதியக் காலமே முடிந்துவிடும்! இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஆங்கில எழுத்துகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டுகளை மட்டும் தேடிக் கேட்பது. அந்தாட்சரியில் கடைசி எழுத்து முக்கியம், இதில் முதல் எழுத்து. பழையது, புதியது, சோகம், கும்மாளம் எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கும். ஒருவகை இசையையே கேட்டுக்கொண்டிருப்பவருக்கு இது நல்ல மருந்து.

எந்த எழுத்தை எடுப்பது? 'ஒய்' என்ற எழுத்தைச் சொல்வேன்.

மெலிந்த எழுத்து, பருத்த பட்டியல்

ஆங்கில அகராதியில் 'ஒய்' மிக மெலிந்த பகுதி. புரட்டத் தொடங்கும்போதே முடிந்துவிடும். நம் தமிழிலும் 'ய' அப்படித்தான். 'ய' வரிசையில் 'யா' மட்டுமே சொல்லுக்கு முதலில் வரும் என்கிறது தொல்காப்பியம். யானை, யாழ், யார் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஆங்கிலப் பாட்டுப் பட்டியலில் பாருங்கள், 'ஒய்' கொழுத்துப்போய் உட்கார்ந்திருக்கும். காரணம் ஒரே ஒரு சொல்: 'யூ'.

நமக்கு நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று பல உண்டு. பாட்டின் முதல் சொல்லிலேயே பாடுவது காதலியையா, கடவுளையா, ஊர்ப் பெரியவரையா என்பது ஓரளவு தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'யூ'தான். பழைய நாளில் 'நீ' என்பதற்கு 'தௌ' என்று தனிச்சொல் இருந்தது. பேச்சில் அது வழக்கொழிந்து, தேவாலயப் பாடல்களில் மட்டும் தங்கிவிட்டது. அதனால் ஆண்டவனை விளித்துத் தொடங்கும் பழைய பாட்டுகள் பல 'டி' வரிசைக்குப் போய்விட்டன. மனிதர்களை விளிக்கும் பாட்டுகள் 'ஒய்' வரிசைக்கு வந்துவிட்டன.

ஆகவே இந்த எழுத்தில் ஒரு பாட்டைக் கேட்கும்போது, 'இந்த யூ யார்?' என்ற கேள்வியைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். அதில்தான் சுவையே இருக்கிறது.

தாலாட்டு அல்ல, புலம்பல்

'யூ ஆர் மை சன்ஷைன்' பாட்டை எடுத்துக்கொள்வோம். கான்வென்ட் பள்ளிக் குழந்தைகள் கைதட்டிப் பாடுவார்கள். அம்மாக்கள் தொட்டிலை ஆட்டிக்கொண்டே பாடுவார்கள். 'நீதான் என் வெயில்' என்று குழந்தையைக் கொஞ்சும் பாட்டு என்றே பலரும் நினைத்திருக்கிறார்கள். இடையில் வரும் அடிகளைக் கேட்டால் திடுக்கிடும். தன்னை விட்டு வேறொருவனை நாடிப் போகிறவளை நோக்கி ஒருவன் கெஞ்சுகிறான், கொஞ்சம் மிரட்டவும் செய்கிறான். வெயில் நாட்டவரான நமக்கு 'நீதான் என் நிழல்' என்றால்தான் பொருந்தும். குளிர் நாட்டுப் பாட்டுகளில் வெயில்தான் அருமைப் பொருள்.

இந்தப் பாட்டை 1940-ல் இசைத்தட்டில் பாடிப் பிரபலமாக்கியவர் ஜிம்மி டேவிஸ். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக்காரர். 1939-லேயே வேறு குழுவினர் பாடியிருந்த பாட்டு இது. அதன் உரிமையை இவர் விலைக்கு வாங்கித் தம் பெயரையும் கூட்டாளி ஒருவர் பெயரையும் போட்டுக்கொண்டார். உண்மையில் எழுதியவர் யார் என்ற வாதம் ஓய்ந்தபாடில்லை. டேவிஸோ இந்தப் பாட்டையே பாடிப் பாடி ஓட்டுக் கேட்டு, 1944-ல் அந்த மாநிலத்துக்கு ஆளுநரானார். (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் தேர்ந்தெடுப்பவர், நம் முதல் மந்திரி மாதிரி.) 1960-ல் மறுபடியும் அதே பதவி. 1977-ல் அது மாநிலப் பாடல்களில் ஒன்றாகவே அறிவிக்கப்பட்டது. காதலியிடம் கெஞ்சிய 'யூ', வாக்காளரிடம் கெஞ்சும் 'யூ' ஆகிவிட்டது! பாட்டும் அரசியலும் கைகோத்து நடப்பது நம்மவர்களுக்குப் புதிதா என்ன?

இதன் பக்கத்திலேயே வைத்துக் கேட்க வேண்டியது 'யுவர் சீட்டின் ஹார்ட்'. ஹாங்க் வில்லியம்ஸ் 1952 செப்டம்பரில் இதைப் பதிவு செய்தார். அதுவே அவருடைய கடைசிப் பதிவு நாள். 1953 புத்தாண்டு அன்று, கச்சேரிக்குப் போகும் வழியில் காரின் பின் இருக்கையிலேயே உயிர் பிரிந்திருந்தது. வயது 29தான். ஏமாற்றிய மனத்துக்கு ஒருநாள் உறக்கம் வராது என்று சபிக்கும் இந்தப் பாட்டு, பாடியவர் போன பிறகே கடைக்கு வந்து விற்றுத் தீர்ந்தது.

இந்த இரண்டு பாட்டுகளையும் 1962-ல் ரே சார்லஸ் தம் பாணியில் பாடி ஒரே தட்டில் வெளியிட்டார். கண்பார்வை இழந்த கறுப்பினக் கலைஞர் அவர். வெள்ளையரின் கிராமிய இசை என்று ஒதுக்கி வைத்திருந்ததை, வெள்ளையரும் கறுப்பரும் பல இடங்களில் சேர்ந்து உட்கார முடியாதிருந்த காலத்தில் அவர் எடுத்துப் பாடினார். மூலத்தையும் இவர் பாடியதையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரே ராகத்தை இரு வித்துவான்கள் ஆலாபனை செய்வதைக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இந்த வேற்றுமை நன்றாகவே பிடிபடும்.

விதவைக்குச் சொன்ன ஆறுதல்

பிள்ளைகள் கால்பந்துப் பைத்தியம் என்றால் 'யூ'ல் நெவர் வாக் அலோன்' என்ற பாட்டு உங்கள் வீட்டுக்குள் ஏற்கெனவே வந்திருக்கும். இங்கிலாந்தின் லிவர்பூல் அணி விளையாடும் ஆன்ஃபீல்டு மைதானத்தில் ஆட்டத்துக்கு முன் கூட்டம் முழுவதும் எழுந்து பாடுவது இதைத்தான்.

இது பந்தாட்டத்துக்கு எழுதிய பாட்டு அல்ல. 1945-ல் நியூயார்க் நகரில் அரங்கேறிய 'கரோசல்' என்ற இசை நாடகத்துக்காக ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசையமைக்க, ஆஸ்கர் ஹாமர்ஸ்டீன் எழுதியது. கணவனை இழந்து நிற்கும் கர்ப்பிணிப் பெண்ணுக்கு உறவுக்காரப் பெண் சொல்லும் ஆறுதல் அது. 1963-ல் லிவர்பூலைச் சேர்ந்த 'ஜெரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ்' குழு அதைப் பாடியது. தட்டு விற்பனையில் முதலிடம். மைதானத்துக் கூட்டம் அதைத் தன் பாட்டாக்கிக் கொண்டது. 1989 ஏப்ரல் 15-ந் தேதி ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் 97 பேர் மாண்டார்கள். அதன் பிறகு அந்தப் பாட்டு மறுபடியும் ஆறுதல் பாட்டாகவே ஆனது. ஒரு பெண்ணுக்குச் சொன்ன 'நீ', ஓர் ஊருக்கே சொல்லும் 'நீங்கள்' ஆயிற்று. ஆங்கிலத்தில் இதற்கு ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

யாரைச் சொல்கிறோம் என்பதை மறைத்தே புகழ் பெற்ற பாட்டும் உண்டு. கார்லி சைமன் 1972-ல் பாடிய 'யூ'ர் சோ வெய்ன்' அது. தற்பெருமைக்காரக் காதலன் ஒருவனைக் குத்திக் காட்டும் பாட்டு. அவன் யார் என்று உலகமே துளைத்தது. 2003-ல் ஒருவர் தர்ம காரியத்துக்கான ஏலத்தில் 50,000 டாலர் கொடுத்து அந்த ரகசியத்தைக் கேட்டுக்கொண்டார், வெளியே சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு! 2015-ல்தான், இரண்டாம் பத்தி நடிகர் வாரன் பீட்டியைப் பற்றியது என்று அம்மணி வாய் திறந்தார்.

வங்காளம் போன ஆற்றங்கரை

'யூ' என்பதன் பழைய பன்மை 'யீ'. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 18-ம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய 'யீ பாங்க்ஸ் அண்ட் பிரேஸ்' அதில்தான் தொடங்குகிறது. இங்கே 'நீங்கள்' என்பது மனிதர்களே அல்ல, டூன் ஆற்றின் கரைகள். காதலனால் கைவிடப்பட்ட பெண் அவற்றோடு பேசுகிறாள். நெய்தல் நிலத் தலைவி கடலையும் கானலையும் பார்த்துப் புலம்புவதைப் படித்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

இந்தியக் காதுகளுக்கு இந்த மெட்டும் அந்நியம் அல்ல. இளமையில் இங்கிலாந்து சென்று திரும்பிய ரவீந்திரநாத் தாகூர், 1882-ல் 'கால்மிருகயா' இசை நாடகத்தில் 'பூலே பூலே' என்ற பாட்டை இந்த மெட்டில்தான் அமைத்தார். சத்யஜித் ரே 1964-ல் எடுத்த 'சாருலதா' படத்தில், மாதவி முகர்ஜி ஊஞ்சலாடிக்கொண்டே பாடுவாரே, அதுதான். கல்கத்தாவில் வேலை பார்த்துவிட்டு இங்கே மாற்றலாகி வந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

'யூ' இல்லாத 'ஒய்'

'யூ' இல்லாமலும் சில உண்டு. 1978-ல் வந்த 'ஒய்.எம்.சி.ஏ.' என்ற ஆட்டப் பாட்டு கல்யாண வரவேற்புகளில் கைகளால் எழுத்து போட்டு ஆடப்படுகிறது. ஆட்டத்துக்குச் சரி, தனியே உட்கார்ந்து கேட்க அதில் பெரிதாக ஒன்றுமில்லை. பிள்ளைகளின் 'யெல்லோ' 2000-ல் வந்தது. பாடிய 'கோல்ட்பிளே' குழுவைக் காண 2025 ஜனவரியில் நவி மும்பையிலும் ஆமதாபாதிலும் கூட்டம் அலைமோதியது. 'தி யங் ஒன்ஸ்' பாட்டையும் இங்கே சேர்க்க வேண்டும். ஆங்கில வரிசையில் 'தி' என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. அதைப் பாடிய கிளிஃப் ரிச்சர்ட் 1940-ல் லக்னோவில் பிறந்தவர். நம் சென்னையில் 1936-ல் பிறந்த எங்கல்பர்ட் ஹம்பர்டிங்கின் பாட்டையும் சேர்க்க ஆசைதான். ஆனால் அவருக்குப் பெயர் தந்த 'ரிலீஸ் மீ' 'ஆர்' எழுத்தில் போய்விட்டதே!

எல்லாவற்றுக்கும் சிகரம் 'யெஸ்டர்டே'. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி தூக்கத்தில் கேட்ட மெட்டு அது. விழித்ததும் பியானோவில் வாசித்துப் பார்த்தார். இவ்வளவு சுலபமாக வந்தது யாருடையதாகவாவது இருக்குமோ என்று பயந்து, பார்த்தவர்களிடமெல்லாம் வாசித்துக் காட்டி, 'இதை முன்பே கேட்டிருக்கிறீர்களா?' என்று விசாரித்தார். யாரும் உரிமை கொண்டாடவில்லை. சொற்கள் கிடைக்கும் வரை இடத்தை நிரப்ப, முட்டைப் பொடிமாஸைப் பற்றி ஏதோ உளறி வைத்திருந்தார்! 1965 ஜூன் 14-ந் தேதி பதிவானபோது குழுவின் மற்ற மூவரும் வாசிக்கவில்லை. ஒரு கித்தார், நான்கு நரம்பு வாத்தியங்கள், ஒரு குரல், அவ்வளவுதான். நேரம் இரண்டு நிமிடத்துக்குச் சற்றே அதிகம். 'இரைச்சல்' என்று சொல்லும் அப்பாக்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

'ஒய்' முடிந்ததும் 'க்யூ' எழுத்துக்குப் போங்கள். அங்கே கூட்டம் மிகக் குறைவு. முதலில் கிடைப்பது ஹிட்ச்காக் படத்துக்காக 1956-ல் டோரிஸ் டே பாடி, ஆஸ்கர் பரிசு பெற்ற 'கே செரா செரா' பாட்டாக இருக்கும். பையன் போட்டுக் காட்டும்போது, "இந்த மெட்டு 1957-லேயே 'ஆரவல்லி' படத்தில் வந்துவிட்டதே" என்று அப்பா சொல்லலாம்.